உயிர் போகும்வரை மிதி!

"மிதிங்க!"

"மிதிக்கறேன்டீ!"

"இன்னும் அழுத்தி... உயிர் போற வரைக்கும் மிதிங்க அத்தை!"

"யார் உயிரு? என்னுதா, இந்த வண்டியோடதா?"

"பேசாம பிடிங்க! விட்டுடாதீங்க!"

புஸ்ஸ்ஸ்...

மெல்லிய குழாய் வழியே குமிழி குமிழியாய்க் காற்று வெளியேறி, பாட்டிலில் இருந்த பிரேக் ஆயிலுக்குள் பொரிந்தது.

மருமகள் காற்றை வெளியே விடும் நிப்பிளை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள். நெற்றியில் கறுப்பாய் ஒரு தீற்று.

"இப்ப காலை எடுங்க."

டிரைவர் சீட்டில் இருந்த மாமியார் காலை எடுத்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள்.

"ஊரெல்லாம் மருமக மாமியாரை மிதிப்பா. நீ மாமியாரை விட்டே மிதிக்க வைக்கறே!"

வீட்டை ஒட்டிய ஷெட். ஜாக்கியின் மேல் முன் இடது பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது கார். மருமகளின் அப்பா விட்டுப்போன கார். அவளைவிட அதற்கு வயது அதிகம்.

நேற்று அவள் மிதித்தபோது பெடல் சரசரவென்று தரை வரை இறங்கிவிட்டது. பால் வேன் ஒன்றின் பின்னால் மயிரிழையில் தப்பித்தாள். வீட்டுக்கு வந்து சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸ் வெடித்துக் கிடந்தது. பழைய மாடல். நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன். ஒரு இடத்தில் ஒழுகினால் நாலும் காலி!

புது ஹோஸ் வாங்கி வந்து மாட்டிவிட்டாள். உள்ளே புகுந்த காற்றை எடுப்பதுதான் பாக்கி. அதற்கு ரெண்டு ஆள் வேண்டும். மிதிக்க ஒருத்தர், நிப்பிளைத் திறந்து மூட ஒருத்தர்.

அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். காலை பேட்ச் முடிந்ததும் ஓடி வந்திருந்தாள். மாமியாரை இன்று பஸ்ஸில் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாகக் கணவனிடம் சொல்லியிருந்தாள்; வண்டி வேலையில் அது நாளைக்குத் தள்ளிப்போனது.

"உன் புருஷன் பாத்தா கத்துவான். ஓட்டை டப்பாவைத் தூக்கிப் போடுன்னு தினம் சொல்றான்."

"அவர் நகைக்கடை மேனேஜர் அத்தை. அவருக்கு பளபளன்னு இருந்தாத்தான் பிடிக்கும்."

"அப்ப உன்னை ஏன் கட்டினான்?"

இருவரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு பாதியில் அறுந்தது.

தடார்!

ஷெட்டின் பக்கக் கதவு உடைந்து திறந்தது... ஒருவன் உள்ளே பாய்ந்து, பிரேக் ஆயில் பாட்டில் மேல் குப்புற விழுந்தான். அவன் போட்டிருந்த தடித்த மூக்குக்கண்ணாடி எகிறிப் போய்ச் சுவரில் மோதியது. அவன் வயிற்றைப் பிடித்திருந்த விரல்களுக்கிடையே ரத்தம் கொப்பளித்தது.

"அய்யோ..!" மாமியார் அலறினாள்.

"இன்னொரு சத்தம் வந்துச்சு... ரெண்டு பேரும் காலி!"

வாசலை அடைத்துக்கொண்டு நின்றான் நெட்டையன் ஒருவன். கையில் துப்பாக்கி. தோளில் கனத்த பை. கதவைக் காலால் உதைத்துச் சாத்திவிட்டு, காரைப் பார்த்தான்.

முகம் கறுத்தது.

"என்னடீ இது? சக்கரம் எங்கே?"

"அதோ சுவத்துல சாஞ்சு கிடக்கே... கண்ணு தெரியலையா?" என்றாள் மாமியார் காருக்குள்ளிருந்து.

பளார்!

அறை விழுந்தது மருமகளின் கன்னத்தில். உதடு கிழிந்து, வாயில் உப்புக் கரித்தது.

"கிழவி பேசினா உனக்கு விழும். சொல்லு, வண்டிக்கு என்ன?"

"பிரேக்... பிரேக் வேலை நடக்குது. பாதியில இருக்கு."

"முடி. இப்பவே முடி!"

அவன் பையைத் தரையில் போட்டான். ஜிப் பிளந்து தங்கச் சங்கிலிகள் பாம்புக்குட்டிகள் போல் எட்டிப் பார்த்தன. பையின் மேல் அச்சடித்திருந்த பெயரை மருமகள் குனிந்து இன்னொரு தடவை படித்தாள்.

"இது... என் வீட்டுக்காரர் கடைப் பை!"

நெட்டையன் ஒரு கணம் அவளை உற்றுப் பார்த்தான். பிறகு பல் தெரியச் சிரித்தான்.

"ஓஹோ... மேனேஜர் பொண்டாட்டியா?"

"அவருக்கு என்ன ஆச்சு? சொல்லு! என்ன ஆச்சு அவருக்கு?"

"மண்டையில ஒரே போடு. பொத்துனு விழுந்தான். இருக்கானா செத்தானான்னு நின்னு பாக்க நேரமில்லை."

"டேய்... பாவி!"

மாமியார் காரிலிருந்து பாய்ந்தாள். அறுபதைத் தாண்டிய உடம்பு அப்படிப் பாயும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. பத்து நகமும் அவன் முகத்தில் இறங்கியது.

"ஒத்தப் புள்ளைடா எனக்கு! ஒத்தப் புள்ளை!"

அவன் துப்பாக்கியின் அடிப்பக்கத்தால் ஓங்கி அடித்தான். நெற்றி பிளந்தது. அவள் சுருண்டு விழுந்தாள். வெள்ளை முடி சிவப்பாக நனைந்தது.

"அத்தை!"

மருமகள் ஓடிப் போய்த் தாங்கினாள். ஆயில் துடைக்கும் துணியை எடுத்து நெற்றியில் அழுத்தினாள்.

"நான் நல்லாத்தான்டீ இருக்கேன்..." மாமியார் முனகினாள். "என் புள்ளை..."

"அவருக்கு ஒண்ணும் ஆகியிருக்காது அத்தை."

சொன்னாளே தவிர, அவளுக்கே நம்பிக்கை இல்லை. காலையில் சட்டை பட்டன் அறுந்துவிட்டது என்று கத்திவிட்டுப் போனான். பட்டன் தைத்துக் கொடுத்திருக்கலாம். இப்படிச் சண்டை போட்டு அனுப்பிவிட்டோமே!

"கொஞ்சினது போதும். கிழவி, சீட்டுல ஏறு. மிதி!"

மாமியார் ஏறினாள். ஒரு கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு மிதித்தாள். மருமகள் நிப்பிளைத் திறந்தாள். காற்று வந்தது. மூடினாள். மறுபடியும்... மறுபடியும்...

தரையில் கிடந்தவன் முனகினான்.

"அண்ணே... ஆஸ்பத்திரி... என்னை ஆஸ்பத்திரியில..."

"இருடா, போலாம்."

"வாட்ச்மேன் சுடுவான்னு நீ சொல்லவே இல்லையே அண்ணே... தண்ணி... கொஞ்சம் தண்ணி..."

மாமியாரால் தாங்க முடியவில்லை. "அவனுக்கு ஒரு வாய் தண்ணி குடுடா! அவனும் ஒருத்தி பெத்த புள்ளைதானே!"

நெட்டையன் கொஞ்சம் யோசித்தான். காருக்குள் கையை விட்டு, காலடியில் கிடந்த ரப்பர் மேட்டை உருவினான். அதை மடித்து, கீழே கிடந்தவன் முகத்தின் மேல் வைத்தான்... ஒரு குழந்தைக்குப் போர்வை போர்த்துகிற மாதிரி.

டுப்!

கால் இரண்டும் ஒருமுறை உதைத்தன. அப்புறம் அசைவில்லை.

மேட்டின் ஓட்டையிலிருந்து புகை. அடியிலிருந்து ரத்தம். அது மெல்ல ஊர்ந்து, சிந்திக் கிடந்த பிரேக் ஆயிலோடு கலந்தது.

"வண்டியில இடம் பத்தாது" என்றான் நெட்டையன், வேறு யாரோ செய்த தப்புக்குச் சமாதானம் சொல்வது போல.

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டாள். மருமகளின் கையில் இருந்த ஸ்பேனர் நழுவித் தரையில் விழுந்தது.

சொந்தக் கூட்டாளியையே இப்படி முடிக்கிறவன் நம்மை உயிரோடு விடுவானா?

விடமாட்டான்.

அந்த எண்ணம் வந்ததும், குனிந்து ஸ்பேனரை எடுத்தாள்.

"காத்து முடிஞ்சுது" என்றாள்.

"தள்ளு. நான் பாக்கறேன். எனக்கும் வண்டி வேலை தெரியும். ஏமாத்தலாம்னு நெனைக்காதே."

மாமியாரை வெளியே இழுத்துத் தள்ளிவிட்டு, அவனே சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்தான். ஒரு தடவை. இன்னொரு தடவை. பெடல் பாதியில் கெட்டியாக நின்றது.

"கல்லு மாதிரி இருக்கு. கெட்டிக்காரிதான்! சக்கரத்தை மாட்டு."

அவள் சக்கரத்தை உருட்டி வந்து தூக்கினாள். அப்போதுதான் வெளியே...

வீ...ஈ...ஈ...

போலீஸ் சைரன்!

நெட்டையன் பூனை மாதிரி நகர்ந்து, கேட்டின் இடுக்கில் கண்ணை வைத்தான்.

அவள் சக்கரத்தை போல்ட்டுகளில் தொங்கவிட்டாள். இடது கையால் ஒரு நட்டைத் திருகிக்கொண்டே, சின்ன ஸ்பேனரோடு வலது கையைச் சக்கரத்துக்குப் பின்னால் நுழைத்தாள். விரல் நிப்பிளைத் தேடியது... கிடைத்தது... ஸ்பேனர் கவ்வியது...

அரைச் சுற்று.

போதும். இனி ஒவ்வொரு மிதிக்கும் ஆயில் வெளியே பீய்ச்சும். காற்று உள்ளே போகும். ரெண்டு மூணு மிதியில் பெடல் சோறு மாதிரி குழைந்துவிடும்!

எங்கள் தெரு இறக்கம். போடா, போ. அடிவாரம் வரைக்கும் நிற்காமல் போ!

சைரன் தூரத்தில் தேய்ந்தது. அவன் திரும்பியபோது அவள் கடைசி நட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள். ஜாக்கியை இறக்கினாள். வீல் ஸ்பேனரைப் பின்சீட்டின் காலடியில் எறிந்தாள்.

நெட்டையன் போனை எடுத்து யாரையோ அழைத்தான்.

"நான்தான்... ஷெட்டுலதான் இருக்கேன். இங்க ரெண்டு பொம்பளைங்க... ஆமா... ரெண்டும் என் மூஞ்சியைப் பாத்தாச்சு... ம்... நிஜமாவா? ...சரி. நீங்க சொன்னா சரி."

போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். அவளைப் பார்த்தான்.

"கிழவி, பின்னாடி ஏறு. ஏய், நீயும் வர்றே."

மருமகளுக்குத் தலைக்குள் யாரோ மணி அடித்தது போல் இருந்தது.

"எதுக்கு? நாங்க எதுக்கு? வண்டி ரெடி, சாவி இதோ... எடுத்துட்டுப் போயேன்!"

"ஊரைத் தாண்டற வரைக்கும் துணை வேணும். அப்புறம் இறக்கி விடறேன்."

இறக்கி விடுவான். எந்தப் பள்ளத்தில் என்பதுதான் கேள்வி!

சொல்லிவிடலாமா? நிப்பிளைத் தளர்த்திவிட்டேன் என்று சொன்னால் இங்கேயே சுடுவான். சொல்லாவிட்டால் அத்தையும் நானும் அந்த இறக்கத்தில்...

"நான் ஓட்டறேன்" என்றாள்.

"என்ன?"

"நீ ஓட்டினா எல்லா போலீசும் நிறுத்துவான். நான் ஓட்டினா நாம ஒரு குடும்பம். அடிபட்ட மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். நீ எனக்குத் தம்பி."

நெட்டையன் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"மூளை இருக்கு உனக்கு. மேனேஜருக்குத்தான் குடுத்து வைக்கலை!"

கேட் திறந்தது. அவள் டிரைவர் சீட்டில். பக்கத்தில் அவன், மடியில் நகைப் பை. உடம்பைப் பாதி திருப்பி, துப்பாக்கியைப் பின்சீட்டு மாமியாரின் மார்புக்குக் குறி வைத்திருந்தான்.

அவள் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

"பெல்ட் போட்டுக்கோங்க" என்றாள் அவனிடம். தினமும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். தானாக வந்துவிட்டது.

"வாயை மூடிக்கிட்டு ஓட்டு!"

கார் தெருவில் இறங்கியது.

முதல் மிதி... பெடல் பாதிக்கும் கீழே போய்த் தயங்கியது. வேகம் லேசாகத்தான் குறைந்தது.

இரண்டாவது மிதி... பஞ்சு.

மூன்றாவது... தரை!

பின்சீட்டிலிருந்து மாமியார் அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நேரமும் அந்தப் பெடலை மிதித்தவள். அது எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்கக்கூடாது என்று அவள் காலுக்கே தெரியும். கண்ணாடியில் இருவர் கண்ணும் சந்தித்தன.

"அத்தை, தலை சுத்துதா? சுத்தினா காலடியில குனிஞ்சு உக்காந்துக்கோங்க."

மாமியார் நெற்றியை இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

"ஆமாண்டீ... ரொம்ப சுத்துது. வாந்தி வர்ற மாதிரி இருக்கு!"

மாமியார் முன்சீட்டுக்குப் பின்னால் பொத்தென்று மடங்கினாள்.

"ஏய், கிழவி! எழுந்து உக்காரு!"

"உன் மேல வாந்தி எடுத்தா பரவாயில்லையா?" என்றாள் மருமகள்.

இறக்கம் செங்குத்தானது. வீடுகள் இரண்டு பக்கமும் பின்னால் ஓடின. தபால்காரர் ஒருவர் சைக்கிளோடு சாக்கடைக்குள் குதித்தார்.

"ஏய்... மெதுவா போ!"

அவள் ஹாரனை அழுத்திப் பிடித்தாள்.

"மெதுவா போடீ! பிரேக்கைப் போடு!"

"போட்டுட்டேன்."

"என்னது?"

"போட்டுத்தான் இருக்கேன். குனிஞ்சு பாரு!"

குனிந்து பார்த்தான். அவள் பாதம் பெடலோடு தரையில் ஒட்டியிருந்தது.

அவன் முகம் வெளிறியது.

"அடிப்பாவி... நாய்!"

துப்பாக்கி அவள் கழுத்துக்குத் திரும்பியது. அதே சமயம் தெருவின் முடிவில் அந்த லாரி தெரிந்தது. கட்டட வேலைக்கு வந்த லாரி. டிரைவர் இல்லாமல் ஓரமாக நின்றது. பின்பக்கம் ஆள் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன இரும்புக் கம்பிகள். நுனியில் ஒரு சிவப்புத் துணி படபடத்தது.

அவள் மூச்சை இழுத்தாள்.

ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தாள். பின் சக்கரங்கள் கிறீச்சிட்டன. ஸ்டியரிங்கை ஒடித்து, காரின் இடது பாதியை மட்டும் லாரிக்குப் பின்னால் கொடுத்தாள்.

டுமீல்!

அவள் காது மடல் பிய்ந்து பறந்தது.

ட்டமார்ர்ர்..!

கண்ணாடி நொறுங்கி மழையாகக் கொட்டியது. கம்பிகள் அலறிக்கொண்டு உள்ளே நுழைந்தன. ஒன்று நெட்டையனின் வலது தோளைத் துளைத்து சீட்டோடு சேர்த்துத் தைத்தது. இன்னொன்று விலாவுக்குள் புகுந்து, மாமியார் உட்கார்ந்திருந்த இடத்தைக் கிழித்துக்கொண்டு பின்கண்ணாடி வழியே வெளியே போனது.

நிசப்தம். ரேடியேட்டர் மட்டும் புஸ்ஸென்று மூச்சு விட்டது.

"அத்தை..."

பின்னால் கண்ணாடித் துகள்கள் மட்டும் உதிர்ந்தன.

"அத்தை!"

அவள் திரும்பப் பார்த்தாள். முடியவில்லை. பெல்ட் மார்பை நெரித்தது. பக்கத்தில் ஏதோ அசைந்தது.

நெட்டையன்! இன்னும் சாகவில்லை. வாயில் ரத்தக் கொப்புளம் வெடித்தது. இடது கை, மடியில் விழுந்து கிடந்த துப்பாக்கியை நோக்கி ஊர்ந்தது... தொட்டது... பிடித்தது... தூக்கியது...

"உன்னை... வி...ட..."

சீட்டுக்குப் பின்னாலிருந்து வீல் ஸ்பேனர் ஒன்று எழுந்தது.

"இது என் புள்ளைக்கு!"

மடார்! விரல் எலும்புகள் நொறுங்கின. துப்பாக்கி நழுவியது.

"இதுவும் என் புள்ளைக்கு!"

மடார்! இந்த முறை மண்டையில்.

"இதுவும்..."

"அத்தை, போதும்... போதும் அத்தை! போயிட்டான்!"

மாமியார் நிறுத்தினாள். முகமெல்லாம் ரத்தம். அவளுடையது எது, அவனுடையது எது என்று தெரியவில்லை. ஸ்பேனரைக் கீழே போடாமலே, கேவிக் கேவி அழுதாள்.

"என் புள்ளை அங்க எப்படிக் கிடக்கானோ..."

சைரனோடு போலீஸ் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் குதித்து ஓடி வந்தார். நகைப் பையைப் பார்த்தார். கம்பியில் தொங்கியவனைப் பார்த்தார். இரண்டு பெண்களையும் பார்த்தார்.

"யாரும்மா நீங்க?"

"அந்தக் கடை மேனேஜரோட மனைவி சார். இவங்க அவரோட அம்மா. அவர்... இருக்காரா?"

"இருக்காரும்மா, பயப்படாதீங்க! தலையில தையல் போட்டிருக்கு. ஆஸ்பத்திரியில நல்லா இருக்கார்."

மாமியார் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினாள். மருமகள் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு, முதல்முறையாக அழுதாள். வீட்டுக்கு வரட்டும். முதல் வேலையாக அந்தப் பட்டனைத் தைத்துவிட வேண்டும்.

ட்ரிங்... ட்ரிங்...

செத்தவனின் சட்டைப் பைக்குள்ளிருந்து போன்!

இன்ஸ்பெக்டர் கையை நீட்டுவதற்குள் மாமியார் அதை உருவிவிட்டாள். திரையில் பெயர் இல்லை. வெறும் நம்பர். மருமகள் எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாத நம்பர்.

"இவனுக்குப் பின்னால ஒருத்தன் இருக்கான் சார். ஷெட்டுலேருந்து அவன்கிட்டதான் பேசினான்" என்று கிசுகிசுத்தாள்.

இன்ஸ்பெக்டர் உதட்டில் விரலை வைத்து, ஸ்பீக்கரை அழுத்தினார்.

"என்னய்யா, ஏன் இவ்வளவு நேரம்?"

தணிந்த குரல். அவசரக் குரல்.

"நான் ஆஸ்பத்திரி பாத்ரூம்ல இருந்து பேசறேன். மெதுவாத்தான் அடிப்பேன்னு சொல்லிட்டு மண்டையைப் பொளந்து வெச்சிருக்கே! சரி, அது கிடக்கட்டும்... ரெண்டையும் முடிச்சிட்டியா? கண் ஆஸ்பத்திரிக்குப் போறோம்னு சொன்னதுங்க, வீட்லயே உக்காந்திருந்தா நான் என்ன பண்றது? வண்டியோட சேத்து ஆத்துல தள்ளிடு. உடம்பு கிடைச்சா நான் வந்து அழுதுக்கறேன்."

இன்ஸ்பெக்டர் மருமகளைத் திரும்பிப் பார்த்தார்.

மருமகளுக்குக் காதிலிருந்து ரத்தம் வழிந்து தோளில் சொட்டியது. வலி தெரியவில்லை. தினமும் தலையணைக்குப் பக்கத்தில் கேட்ட குரல் அது.

மாமியாரின் உதடு இரண்டு தடவை அசைந்து, மூன்றாவது தடவைதான் பேச்சு வந்தது.

"நல்லா அழுவியாடா கண்ணா?"

மறுமுனையில் ஏதோ கீழே விழுந்து உடைந்தது.

"அம்... அம்மா?"

டொக்!

"ஓடிடுவாரு சார்!" என்றாள் மருமகள்.

"எங்கே ஓடறது? கதவுக்கு வெளியே ரெண்டு கான்ஸ்டபிள் நிக்கறாங்க." இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். "திருடனுங்க மறுபடி வந்து அவரை ஏதாவது செஞ்சுடப் போறானுங்கன்னு நான்தான் காவல் போட்டேன்!"

மாமியார் வீல் ஸ்பேனரைப் போட்டுவிட்டு, மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையிலும் ஒரே ஆயில், ஒரே ரத்தம். அவள் அழவில்லை. முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரை நிமிர்ந்து பார்த்தாள்.

"பெத்தப்பவே பிரேக் மாட்டாம விட்டுட்டேன் சார்... நீங்களாவது போய், அவன் ரெண்டு கையிலயும் நல்லதா ஒண்ணு மாட்டி விடுங்க!"